மச்சினனுக்கு ஒரு டெண்டர்

பதினோராவது அத்தியாயம்

முட்டுக்கழியை உருவியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக் கத்தப் போகிறார்கள். பாவம், மூன்று பேருமே நிரபராதிகள்.

அன்றைக்குக் கூரைத் தளம் போடும் நாள். விடிந்ததும் விடியாததுமாக எழுந்து வீட்டுக்குள் போனேன். வீடு என்று சொல்வது என் ஆசை. இருந்தது நான்கு பக்கமும் சுவர். சுவருக்கு மேல் பலகை. பலகைக்கு மேல் கட்டிய கம்பி. அந்தப் பலகையைத் தாங்குவதற்காக உள்ளே முழுக்கச் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் சவுக்குத் தோப்புக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

என் கையில் ஒரு சாய்வு நாற்காலி. அடுத்த தெருவில் இரவல் வாங்கியது. தளம் போடும்போது முதல் சட்டிக் கலவையை வீட்டுக்காரி கையால் கொட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி அஞ்சுகம் வருவாள், கொட்டுவாள், பிறகு வெயிலில் நிற்பாளே, நிழலில் உட்கார ஒன்று வேண்டாமா என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாக் கோளாறுக்கும் பின்னால் இப்படி ஒரு நல்ல எண்ணம் உட்கார்ந்திருக்கும்.

வாசற்படியை ஒட்டி ஒரு கழி நின்றது. நாற்காலி நுழையவில்லை.

இத்தனை கழி நிற்கும்போது ஒன்று போனால் என்ன? எங்கள் ஆபீஸில் தினமும் பாதிப் பேர் இடத்தில் இருப்பதில்லை. கட்டடம் விழுந்தா போயிற்று? அடியில் சொருகியிருந்த ஆப்பை ஒரு செங்கல்லால் தட்டினேன். கழி கையோடு வந்தது. வெளியே வேப்பமரத்தில் சாத்தினேன். நாற்காலியை உள்ளே போட்டுத் துண்டால் துடைத்தேன். கழியைத் திரும்ப வைக்கத்தான் நினைத்தேன். அதற்குள் தெருமுனையில் கலவை மெஷினை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை.

என் பெயர் சுப்ராயன். காரைக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் டெண்டர் பிரிவு எழுத்தர். ஒப்பந்தக்காரர்கள் ஒட்டிக் கொடுக்கும் கவரைப் பிரிப்பது, தொகையை உரக்கப் படிப்பது, எது குறைவோ அதைச் சிவப்பு மையால் வட்டமிடுவது, இதுதான் என் பிழைப்பு. நகராட்சியை இன்னும் 'மேரி' என்று சொல்லும் பிரெஞ்சுக் காலத்துப் பெரியவர்கள் இருக்கும் தெருவில் எங்கள் ஓட்டு வீடு. அதைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டுவது என்று முடிவானது.

அஞ்சுகத்தின் தம்பி கருப்பையன் குரும்பகரத்தில் கட்டட மேஸ்திரி. "என்ன ஆவுதோ அதக் குடுங்க மச்சான், நான் நின்னு முடிச்சுத் தர்றேன்" என்றான். 'என்ன ஆவுதோ' என்பதற்கு எங்கள் ஆபீஸில் கணக்குத் தலைப்பே கிடையாது. அது தவிர, கருப்பையன் தன் சொந்த வீட்டுக்கே இன்னும் பூச்சுப் பூசாதவன். ஒரு மாடக்குழி வைக்கச் சொன்னால் மூன்று வைத்துவிட்டு, அழகாக இருக்கிறதா என்று கேட்பவன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டெண்டர் பிரிவில் இருந்துகொண்டு மச்சினனுக்கே வேலையைக் கொடுத்தான் என்று ஊர் பேசுமே என்கிற பயம்.

ஆகவே என் வீட்டுக்கு நான் டெண்டர் விட்டேன். மச்சினனையும் கவரில் போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

மூன்று பேர் வந்தார்கள். இருவர் கவரோடு வந்தார்கள். கருப்பையன் கவரும் ஒரு வாழைத்தாருமாக வந்தான், அக்காள் வீடு அல்லவா! கூடத்தில் பாய் விரித்து மூவரையும் வரிசையாக உட்காரவைத்தேன். அஞ்சுகம் காபி கொண்டுவந்தாள். தம்பிக்கு மட்டும் அவன் எப்போதும் குடிக்கும் வெள்ளி டம்ளர். "அது வேணாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி குடு, பாரபட்சமாத் தெரியும்" என்றேன். அவள் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் கவர்களைப் பிரித்து, ஆபீஸ் குரலில் படித்தேன். "கருப்பையன், குரும்பகரம். இரண்டாவது."

இரண்டாவது என்றால் இல்லை என்று அர்த்தம். அவன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டான். வாழைத்தார் மட்டும் கூடத்து மூலையிலேயே பழுத்தது. யாரும் சாப்பிடவில்லை.

மிகக் குறைவாகப் போட்டவர் ஜன்னல் மட்டம் வரை சுவர் எழுப்பினார். பிறகு வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவ்வளவு குறைத்து எடுத்தவருக்கு உலகத்தில் வேறு எந்த வேலையுமே நல்ல வேலைதான் என்பது, சிவப்பு மையால் வட்டமிடும்போது எனக்குத் தோன்றவில்லை.

சரி, ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தால்தானே ஓடுவார்? பிரித்துக் கொடுத்தால்? கொத்து வேலை முத்தையன் மேஸ்திரிக்கு. பலகையும் முட்டும் மதார் சாகிபுக்கு. கம்பி கட்டுவது மூன்றாவதாக ஓர் ஆளுக்கு. சிமெண்ட், மணல், ஜல்லி நான் வாங்கித் தருவேன், அவரவர்க்குக் கூலி மட்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆளும் இல்லை. ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்த அன்றே அஞ்சுகம், "வீடு முடியட்டும், பாப்போம்" என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நான் மனையிலேயே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, சிமெண்ட் மூட்டைகளோடு குடித்தனம் செய்கிறேன். ஒழுகாத பக்கம் மூட்டைகளுக்கு. ஒழுகும் பக்கம் எனக்கு. மூட்டை நனைந்தால் கல்லாகிவிடும். நான் நனைந்தால் தும்முவேன், அவ்வளவுதானே. சில சாயங்காலங்களில் ஆபீஸில் நடந்ததை மூட்டைகளிடம் சொல்வதுண்டு. அவை குறுக்கே பேசுவதில்லை.

ஞாயிறானால் குரும்பகரம் போவேன். "எப்ப வர்ற?" என்று கேட்பேன். "காப்பி குடிங்க" என்பாள் அஞ்சுகம். குடிப்பேன். திரும்பி வருவேன்.

இதுதான் இதுவரை.

மெஷினுக்குப் பின்னால் தெருவில் ராசாத்தி வந்தாள். என் மகள். கோட்டுச்சேரியில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கையில் ஒரு பித்தளைத் தட்டு. நான் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பின்னால் ஓர் ஆடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா?"

"வரலப்பா."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப மத்தியானமா வருவாளோ?"

"மஞ்சக் குங்குமம் குடுத்து வுட்டாங்க. புடிங்க."

"நான் கேட்டது அது இல்ல ராசாத்தி."

"எனக்குத் தெரியும்ப்பா. தட்டப் புடிங்க, கை வலிக்குது."

தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

முத்தையன் மேஸ்திரி மேலே இருந்து குனிந்தார். "வீட்டம்மா வரலீங்களா சார்?"

"வந்துக்கிட்டே இருக்காங்க."

"போன வாரமும் அதத்தான சொன்னீங்க."

"தூரம் மேஸ்திரி. குரும்பகரத்துலேருந்து வரணும்ல."

சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறர் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் நானே ஆரம்பித்துவிடுவது என் வழக்கம்.

சூடம் காட்டினோம். ராசாத்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி முதல் சட்டியைக் கொட்டினாள். அம்மா கொட்ட வேண்டியதைப் பெண் கொட்டினால் செல்லுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார்.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கொட்டுகிற சத்தமும் மேஸ்திரியின் அதட்டலும் தெருவை நிறைத்தன. எனக்கு மனசு நிறைந்திருந்தது. கூரை என்று ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மற்றது என்றால் அஞ்சுகம்.

வாசல் பக்கத்து மூலைக்குக் கலவை வந்தபோது பலகை முனகியது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த சட்டி விழுந்ததும் 'மளுக்' என்று ஒரு சத்தம். மூலை உள்வாங்கியது. பலகை இடுக்கைப் பிளந்துகொண்டு பச்சைக் கலவை பொதபொதவென்று கீழே கொட்டியது. கீழே யாரும் இல்லை. நாற்காலிதான் இருந்தது. துடைத்து வைத்த சாய்வு நாற்காலி, மடி நிறையக் கலவையோடு, சாய்ந்தபடியே இருந்தது.

அஞ்சுகம் வந்திருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பாள். அவள் வராததற்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சாமியைக் கும்பிட்டேன்.

மெஷின் நின்றது. சண்டை தொடங்கியது.

"முட்டு ஒழுங்கா குடுத்தா ஏன்யா எறங்குது?" என்றார் முத்தையன்.

"என் முட்டுல யானைய நிறுத்தலாம்" என்றார் மதார் சாகிப். தாடியை நீவிக்கொண்டு நிதானமாகப் பேசுகிறவர், அன்று நீவவில்லை. "ஒரே எடத்துல மலை மாரி கொட்டுனா? நெரவிக் கொட்டணும்னு ஒங்க ஆளுகளுக்குச் சொன்னியளா?"

"கொட்டறது என் வேலை. தாங்கறது ஒங்க வேலை."

"கம்பி சரியா கட்டியிருந்தா இவ்வளவு எறங்காது" என்று இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்க, பச்சக் கலவையக் கம்பியா புடிச்சு வெக்கும்? பலகைக்கு நான் காசு வாங்கல, கலவைக்கும் வாங்கல. என்னை வுட்ருங்க."

அந்தந்த ஆளின் நியாயம் அந்தந்த ஆளுக்குச் சரியாக இருந்தது. யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமே இல்லாதபடி பிரித்து வைத்திருந்த புத்திசாலி நான்தானே.

நடுவில் டீ வந்தது. குடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். நான் வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ராசாத்தி மெதுவாக என் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, வேப்பமரத்துல என்னமோ சாத்தியிருக்கே."

"ம்."

"நீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மதார் சாகிபும் அதைப் பார்த்துவிட்டார். போய் எடுத்து, ஏற இறங்கப் பார்த்து, தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என் கழி. இது எப்படிங்க மரத்தடிக்கு நடந்து போச்சு?"

"நான் எடுத்தேன் பாய். நாற்காலி நுழையல" என்றேன்.

அத்தனை நேரம் ஒரு விஷயத்திலும் ஒத்துப் போகாத மூவரும் ஒரே மனதாக என்னைப் பார்த்தார்கள். மூவரையும் ஒன்று சேர்த்துவிட்டேன் என்ற திருப்தி மட்டும் மிஞ்சியது.

கழியைத் திரும்ப வைத்தார்கள். ஆப்பு அடித்தார்கள். மூலை கொஞ்சம் ஏறியது, முழுக்க ஏறவில்லை. மீதித் தளத்தையும் போட்டு முடித்தார்கள். பார்ப்பதற்கு அந்த மூலை, ஒரு பக்கம் வாய் கோணியவர் சிரிப்பது போல இருந்தது.

"மேஸ்திரி, இது நிக்குமா?"

"நிக்கும் சார். பாத்துக்கலாம்."

"பாய், நிக்குமா?"

"கழிய உருவாம இருந்தா நின்னுருக்கும். இனிமே கொத்து வேலைக்காரர்தான் சொல்லணும்."

கம்பிக்காரரைத் தேடினேன். அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வந்து பாக்கறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே மிதித்துவிட்டார்.

முழு வீட்டையும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஆகவே முழு வீட்டைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை.

தளம் போடும் நாளில் வேலையாட்களுக்கு வீட்டுச் சாப்பாடு போட வேண்டும். வீடே இல்லாததால் மெஸ்ஸில் சொல்லியிருந்தேன். மறைப்பானேன், இரண்டு மெஸ்ஸில் விசாரித்து மலிவானதில்தான் சொன்னேன். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்ததும் ஒரு சித்தாள் கேட்டாள்:

"சார், இந்தச் சாம்பாரயும் டெண்டர்லதான் எடுத்தியளா?"

தெருவே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ராசாத்தி சிரிக்கவில்லை. சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவளும் கிளம்பினாள். "ஒரு தடவ மாமாவ வந்து பாக்கச் சொல்லுங்கப்பா."

"எப்படிம்மா சொல்றது?"

"வாயாலதான்."

"அம்மா என்ன நெனக்கிறான்னு ஒனக்காவது தெரியுமா?"

அவள் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் என்னக் கேட்டுக் கேட்டே தெரிஞ்சுக்கிறீங்க. அங்க போனா, அப்பா சாப்பிட்டாரான்னு அம்மா கேக்குறாங்க. இங்க வந்தா, அம்மா வருவாளான்னு நீங்க கேக்குறீங்க. நான் டீச்சர்ப்பா. தபால்காரி இல்ல."

போய்விட்டாள். நான் கோணல் மூலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் போனால் மூட்டைகள். அவற்றிடம் இன்று நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளை எடுத்தேன்.

குரும்பகரத்துச் சாலையில் இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள். எதிரே வந்த ஓர் ஆள் என் சட்டையில் காய்ந்திருந்த கலவையைப் பார்த்துவிட்டு, "எங்க, கொத்து வேலைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவே நல்ல பதவி என்று தோன்றியது.

பூச்சில்லாத செங்கல் வீட்டு வாசலில் கருப்பையனின் மனைவி காசியம்மா நின்றிருந்தாள். "வாங்கண்ணே. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?"

"இல்லம்மா. சும்மாதான்."

கருப்பையன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். டெண்டர் நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் 'வாங்க', 'சரி' தவிர வேறு பேசியதில்லை.

"வாங்க மச்சான். தளம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. வாசப்பக்கம் ஒரு மூலை கொஞ்சம் எறங்கிடுச்சு."

"எம்புட்டு?"

விரலால் காட்டினேன். அவன் என் விரல்களையே பார்த்தான். நான் கொஞ்சம் விரலை நெருக்கினேன்.

"நெசமா எம்புட்டு?"

மறுபடி அகட்டினேன்.

"முட்டு வெலகிச்சா?"

"வெலகல, வெலக்கினது."

"யாரு?"

"நான்தான்."

அவன் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"முட்ட எப்ப திரும்ப வெச்சாங்க?"

"சண்ட போட்டு முடிச்சப்பறம்."

"சண்ட எவ்வளவு நேரம்?"

"நடுவுல டீ குடிச்சாங்க. அப்பறமும் கொஞ்சம் போட்டாங்க."

"அப்ப கலவ இறுகிருக்கும். இறுகுனப்பறமா தூக்குனா வெடிப்பு வுடுமே..." என்று முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நிக்குமா கருப்பையா?"

மட்டப்பலகையைக் கட்டிலில் வைத்தான். "என்னயா கேக்குறீங்க? நான் ரெண்டாவது கவரு மச்சான். ரெண்டாவது கவருகிட்ட அபிப்பிராயம் கேக்க ஒங்க ரூல்ல எடம் இருக்கா?"

"நான் டெண்டர் கிளார்க்கா கேக்கல."

"வேற என்னவா கேக்குறீங்க?"

இந்தக் கேள்விக்கு முன்தயாரிப்பு எதுவும் இல்லை. "தெரியல. கேக்க ஆளில்லாம கேக்குறேன்."

அவன் வானத்தைப் பார்த்தான். கடல் பக்கத்து மேகத்தைப் பார்த்தான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அக்கா கொல்லையில இருக்கு. போங்க" என்றான். நிக்கும் என்றும் சொல்லவில்லை, நிக்காது என்றும் சொல்லவில்லை.

கொல்லையில் அஞ்சுகம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சட்டையை. பிறகு முகத்தை.

"அடி கிடி ஒண்ணும் படலியே?"

"எனக்கா? இல்ல. நாற்காலிக்குத்தான்." சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒனக்காக வாங்கிப் போட்ட நாற்காலி. இப்ப அதுல யாரு உக்காந்தாலும் எந்திரிக்க முடியாது."

"சிரிப்புக் காட்டாதீங்க. ராசாத்தி வந்து எல்லாம் சொல்லிச்சு."

"எல்லாமா?"

"சாம்பார் வரைக்கும்."

காசியம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தயங்கி, "அண்ணே, ஒங்க சைக்கிள எடுத்துக்கிட்டு அவரு போயிட்டாரு" என்றாள்.

"எங்க?"

"காரைக்கா பக்கமா. எங்கன்னு கேட்டேன், சொல்லல. கொத்துச் சாமான் பையத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டாரு. கடப்பாறைய ஹேண்டில்ல வெச்சுக் கட்டிக்கிட்டாரு."

முட்டுக் கொடுக்கப் போகிறவனுக்குக் கடப்பாறை எதற்கு? இடிக்கப் போகிறானா? இடித்தால் யாரைக் கேட்டு இடிப்பான்? அவனுக்கும் அந்த வீட்டுக்கும் என்ன ஒப்பந்தம்? ஓடிப் போய்த் தடுக்கலாம் என்றால் சைக்கிள் இல்லை. சைக்கிள் இருந்தாலும், ஓடிப் போய் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

காசியம்மா உள்ளே போனாள். கொல்லையில் நாங்கள் இருவரும்தான்.

"காப்பி குடிங்க" என்றாள் அஞ்சுகம்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வார்த்தையோடு திரும்பிப் போயிருக்கிறேன். அது ஒரு மாதிரி வசதி. அவள் பதில் சொன்னதாகவும் ஆகாது. நானும் கேட்டதாக ஆகாது. வரமாட்டேன் என்று அவள் சொல்லாத வரைக்கும், வருகிறாள் வருகிறாள் என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு இருக்கலாம்.

டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"அஞ்சுகம், தம்பிய நான் வரிசையில உக்கார வெச்சது தப்பு. அவன்கிட்டயே சொல்றேன். இடிக்கட்டும், கட்டட்டும், அவன் இஷ்டம். மொத்த வேலையும் அவன்கிட்டயே குடுத்துடறேன்."

"அது நீங்களும் அவனும் பேசிக்க வேண்டியது."

"ஒனக்கு இப்பக் கோவம் இல்லியே?"

"அவனுக்காகவா? அவனே அந்த வாரமே மறந்துட்டான். போன மாசம் ஒங்க பிளான ராசாத்திகிட்ட வாங்கிப் பாத்துட்டு, படி சரியா வராதேன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தான்."

"பின்ன ஏன் நீ வரல?"

அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள்.

"நான் ஒன்ன நேரா கேக்கறேன். வீடு முடிஞ்சா வருவியா, மாட்டியா? ராசாத்திகிட்ட சொல்லி அனுப்பாத. காப்பி குடுக்காத. எதுவா இருந்தாலும் சொல்லிடு. அந்தக் கொட்டகையில ஒக்காந்து யோசிச்சு யோசிச்சு எனக்கு..." மேலே எனக்கு வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. அதனால் நிறுத்திக்கொண்டேன்.

அஞ்சுகம் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"கேட்டுட்டீங்க, சொல்றேன். மூணு பேரக் கூப்புட்டுக் கேட்டீங்க. எடுத்தவரு பாதியில போனதும் இன்னும் மூணு பேர்கிட்ட பிரிச்சுக் குடுத்தீங்க. மெஸ்காரன் ரெண்டு பேர்கிட்ட வெசாரிச்சீங்க. அந்த வீட்டுல கடைசி வரைக்கும் நிக்கப் போறவ நான். அடுப்படி எந்தப் பக்கம் வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? செவுரு எழுந்தப்பறம் ராசாத்தி சொல்லித்தான் தெரியும், மேற்கால ஜன்னல் வெச்சிருக்குன்னு. சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்க அடிக்க நின்னு சமைக்கணும் நான்."

"ஜன்னல மாத்திடலாம் அஞ்சுகம். நாளைக்கே..."

"ஜன்னலுக்காகச் சொல்லலங்க. அன்னிக்குக் கவரப் படிச்சு முடிச்சுட்டு எல்லார் மூஞ்சியயும் பாத்தீங்க. நான் காப்பித் தட்டோட அங்கதான் நின்னேன். என் பக்கம் திரும்பவே இல்ல. இவரு நம்மகூட இருக்கறவரு இல்ல, நம்மள வேலைக்கு எடுத்திருக்கறவருன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தோணிச்சு. வீடு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. தளம் நின்னாலும் சரி, வுழுந்தாலும் சரி, அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேங்க."